சிரித்தால் ஆடும் லென்ஸ்

பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்குச் சிரிப்பு வரும். சும்மா புன்னகை இல்லை. தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி, மூச்சு வாங்கி, எதிரில் இருப்பவர் போதும் தாயே என்று கும்பிடுகிற வரைக்கும் வருகிற சிரிப்பு. பொதுத்தேர்வு அறையில் வினாத்தாளைப் பார்த்துச் சிரித்து மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு துக்க வீட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிக்க, பாவம் எப்படி அழுகிறாள் பார் என்று ஊர்ப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இப்படிப்பட்டவள், இருக்கிற ஆராய்ச்சியையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்தில் யாராவது சிரித்தாலே ஆடிப்போகிற ஒரு லென்ஸைப் போய் எடுத்துக்கொண்டேன். என் தலையெழுத்து, வேறென்ன சொல்ல.

லென்ஸ் என்றதும் கண்ணாடியை நினைக்க வேண்டாம். என்னுடையது திரவம். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய உலோக வளையம். அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு, மேலே பாலாடையைவிட மெல்லிசான, ஒளி ஊடுருவுகிற சவ்வு. இரண்டுக்கும் நடுவே சில சொட்டுத் தெளிந்த எண்ணெய். வளையத்தைச் சுற்றிலும் மின்முனைகள் உண்டு. எந்த முனைக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கிறோமோ அதற்கேற்பச் சவ்வு ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் எழும்பும், எண்ணெயும் அந்த வடிவத்துக்கே வந்துவிடும். கண்ணாடி லென்ஸைத் தேய்த்துவிட்டால் தேய்த்ததுதான். இது கேட்கிற முகத்தை எல்லாம் காட்டும்.

அப்படி முகம் மாறுவதால் என்ன பயன் என்று என் அம்மா கேட்டபோது நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். லேசர் ஸ்கேனிங் நுண்ணோக்கியில் லேசரை ஊசிமுனையிலும் சின்னப் புள்ளியாகக் குவித்து, உயிருள்ள திசுவுக்குள் வரிசை வரிசையாக ஓட்டுவோம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் திரும்பி வருகிற வெளிச்சத்தைச் சேர்த்து வைத்தால் படம். மேலாகப் பார்க்கிற வரைக்கும் வம்பில்லை. ஆழத்துக்குப் போகப் போகத் திசுவே ஒளியை இப்படியும் அப்படியும் வளைத்துவிடும், புள்ளி ஈஷிக்கொள்ளும், படம் கலங்கிவிடும். திசு எப்படி வளைக்கிறதோ அதற்கு நேர்மாறாக நாம் முன்கூட்டியே வளைத்து அனுப்பினால், போய்ச் சேருகிற இடத்தில் ஒளி சரியாகக் குவியும். அந்த முன்கூட்டி வளைக்கிற வேலைதான் என் வளையத்துக்கு. எப்படி வளைக்க வேண்டும் என்பதைக் கணினியில் ஒரு நிரல் தேடிக் கண்டுபிடிக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் “இது நல்லா தெரியுதா, இல்ல இது நல்லா தெரியுதா” என்று கேட்டுக் கேட்டு மாற்றிப் போடுவார்களே, அதே வேலை, கொஞ்சம் வேகமாக.

“அவ்ளோதானா?” என்றாள் அம்மா. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் நான் பல வருஷமாக முங்கிக் கிடந்தேன், சந்தோஷமாகவே கிடந்தேன்.

எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கள்ளக்குறிச்சி வெயிலில் ஆய்வுக்கூடம் சூடேறும்போது எண்ணெய் விரிந்து, போக இடமில்லாமல் சவ்வைக் கிழித்துவிடும். அப்படி நான் பறிகொடுத்த லென்ஸ்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. யோசித்து யோசித்து, வளையத்தின் ஓரத்தில் ஒரு குட்டிக் குழி வைத்து, அதில் கொஞ்சம் காற்றை அடைத்து, திருகு போட்டுப் பசை வைத்து மூடினேன். எண்ணெய் விரிந்தால் காற்று அமுங்கி இடம் கொடுக்கும். அதற்கப்புறம் சவ்வு கிழியவே இல்லை. எங்கள் ஊர் வெயிலுக்கென்றே செய்த லென்ஸ் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். இந்தக் காற்றுக்குழியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மானத்தை வாங்கப்போவது இதுதான்.

வளையம் என்னுடையது, நுண்ணோக்கி எங்களுடையது இல்லை. சென்னையில் இருக்கிற ஒரு ஆராய்ச்சி நிலையம் சிறிய கல்லூரிகளுக்கு இரவல் கொடுப்பதற்காகவே செய்தது. லேசர், அதை ஓட்டுகிற குட்டிக் கண்ணாடிகள், ஒளியை உணரும் கருவி எல்லாவற்றையும் கனத்த அலுமினியப் பலகை ஒன்றில் திருகி, ஊர் ஊராகப் போகிற மாதிரி அமைத்திருந்தார்கள். அதை வடிவமைத்த விஞ்ஞானியை நாங்கள் சென்னை சார் என்போம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. போனில்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று தெரியும். அவர் சொல்லிவிட்டார்: பொங்கல் முடிந்து வருவேன், உயிருள்ள ஒன்றின் உள்ளே, ஆழத்தில், தெளிவாக ஒரு படத்தை என் கண்ணெதிரே எடுத்துக் காட்டினால் இயந்திரம் உங்களிடமே இருக்கட்டும், முடியாவிட்டால் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், வேறு கல்லூரிகள் காத்திருக்கின்றன.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இயந்திரம் போனால் என் ஆராய்ச்சி அதோடு சரி. அந்த வளையத்தை விரலில்கூடப் போட முடியாது. வேறெங்கோ போய் முதலிலிருந்து தொடங்க எனக்கு வழியும் இல்லை, தெம்பும் இல்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் நெஞ்சு அடைத்தது, அடைத்தவுடன் சிரிப்பு வந்தது.

உயிருள்ள ஒன்று என் தோழியின் பொறுப்பு. விலங்கியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறவள், மணலூர்பேட்டைக்காரி, மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீன் கடையில் வாங்கிய வரிமீன்களைத் தொட்டியில் வளர்த்தாள். விடிந்து வெளிச்சம் பட்டதும் அவை முட்டையிடும், இட்ட முட்டையைத் தாங்களே தின்றும்விடும். அதனால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வைப்பாள். முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பித்துக்கொள்ளும். ஓரிரு நாளில் உள்ளே இருக்கும் குஞ்சுக்கு இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். உடம்பே ஒளி ஊடுருவுகிற உடம்பு. ஒளிரும் சாயத்தில் ஊறவைத்து லேசரை ஓட்டினால் இதயத்தின் முன்சுவர் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். பின்சுவர் தெரியாது. நாங்கள் காட்ட வேண்டியது அந்தப் பின்சுவரைத்தான்.

எல்லாம் கூடி வந்தது, கரும்பு அரவைக் காலமும் வந்தது.

எங்கள் ஆய்வுக்கூடம் சங்கராபுரம் சாலையை ஒட்டி இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பின்னால் இரண்டு டிரெய்லர்களைக் கட்டிக்கொண்டு, இரவு பகல் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்று போகும்போதும் தரை அதிரும், மேசை அதிரும், வளையத்துக்குள் எண்ணெய் தளும்பும். போதாக்குறைக்கு ஒவ்வொரு டிராக்டரிலும் பாட்டுப்பெட்டி. என் சவ்வோ மத்தளத் தோல் மாதிரி, எந்தச் சத்தத்துக்கும் ஆடும். பின்சுவர் லேசாகத் தெரியத் தொடங்கும், அதற்குள் ஒரு குத்துப்பாட்டு வரும், திரையில் மீன் குஞ்சின் இதயம் அந்தத் தாளத்துக்கு டான்ஸ் ஆடும்.

ஒருநாள் தோழி பொறுக்க முடியாமல் சாலைக்கே இறங்கிவிட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கையை நீட்டி ஒரு டிராக்டரை மறித்தாள்.

“அண்ணா, இங்க மட்டும் கொஞ்சம் மெதுவா போங்கண்ணா. பாட்டையும் கம்மி பண்ணுங்க. உள்ள மீனுக்கு இதயம் பாத்துக்கினு இருக்கோம்.”

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “இன்னாது, மீனுக்கா? எங்க மாமனாருக்குப் பாக்கணும்னு மூணு மாசமா அலையுறன், மீனுக்கு இம்மாம் பெரிய கட்டடமா?”

“அது ஆராய்ச்சிண்ணா!”

“சரிம்மா, மீனு பொழச்சிக்குமா?”

எனக்கு அவ்வளவுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த நிரல் பயந்துபோய்ப் பாதியில் நின்றது. திரும்பி வந்த தோழி கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “டிராக்டராவது போய்த் தொலையுது. நீ போவ மாட்டன்றியே,” என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம் போட்டாள்: படம் எடுக்கும்போது சிரிப்பு வந்தால் நான் வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். என் லென்ஸ், என் ஆராய்ச்சி, நான் வராந்தாவில்.

சென்னை சார் வருகிற நாள் நெருங்கியது. டிராக்டர் குறைகிற பாடில்லை. அப்போதுதான் மலை ஞாபகம் வந்தது. கல்வராயன்மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில், தாவரவியல் மாணவர்கள் முகாம் போகும்போது தங்க எங்கள் கல்லூரிக்கு ஒரு கூடம் இருக்கிறது. மின்சாரம் உண்டு, சிமெண்டுத் தரை, சுற்றிலும் பலாமரங்கள். கரும்பு இல்லை, டிராக்டர் இல்லை, பாட்டு இல்லை. இயந்திரமே ஊர் ஊராகப் போகச் செய்ததுதானே, இன்னும் கொஞ்சம் மேலே போகட்டுமே என்றேன். சொன்ன மாத்திரத்தில் தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் மூளை இவ்வளவு நன்றாக வேலை செய்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

துறைத்தலைவர் மேடம் முழுசாகக் கேட்டார். “அவர்கிட்ட நான் பேசி மலைக்கே வரச் சொல்றேன். கொண்டு போங்க,” என்றவர், என்னை மட்டும் தனியாகப் பார்த்து, “அவர் இருக்கும்போது மட்டும் சிரிச்சிடாதம்மா. தெய்வமா நினைச்சிக் கேக்குறேன்,” என்றார். இதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை.

தோழியின் தாய்மாமாவிடம் ஒரு மினி லாரி இருந்தது. மரவள்ளிச் சிப்ஸ், பிஸ்கட், சோப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு மலைக் கடைகளுக்குப் போடுகிறவர். நாங்கள் போகிற நாளில் சிப்ஸ் மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கித் தந்தார். இயந்திரத்தை மூன்று மெத்தைகளில் சுற்றி, தலையணைகள் சொருகி, கயிறு கட்டி ஏற்றினோம்.

“இன்னா பாப்பா இது, பொண்ணுக்குச் சீர் கொண்டு போறாப்பல இருக்குது,” என்றார் மாமா. வண்டி கிளம்பும் முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் காட்டினார். அப்புறம் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு பின்பக்கம் ஏறி, “முக்கியமான சாமான் எதுமா? அதுக்கு ஒரு பொட்டு வெச்சிடுறன்,” என்றார்.

முக்கியமான சாமான் என் மடியில் ஒரு டிபன் டப்பாவுக்குள் இருந்தது. நான் டப்பாவைத் திறந்து காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. அவர் விரல் நேராகச் சவ்வை நோக்கி வந்தது. தோழி போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. “மாமா! அதுல விரல் பட்டா என் கல்யாணத்துக்கு நீ வராத!” மாமா பயந்து, பொட்டை டப்பா மூடியில் வைத்தார். நான் டப்பாவை அணைத்துக்கொண்டு சிரித்தேன், உள்ளே லென்ஸும் சேர்ந்து ஆடியிருக்கும்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிர் பிடித்தது. மீன் முட்டைகளுக்குக் குளிர் ஆகாது. தோழி முட்டை பாட்டிலைச் சால்வைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவில் ஒரு பெண்மணி வண்டியை நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, “மாசமா இருக்கியாமா? ஓரமா சாஞ்சிக்க,” என்றார். “இல்லக்கா, மீன் முட்டை,” என்றாள் தோழி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். அந்தம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். நான் மூட்டை மேல் விழுந்து புரண்டேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை.

கூடம் நாங்கள் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது. ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். தரை அதிரவில்லை. ஒரு பறவை கத்துகிற சத்தம், அவ்வளவுதான். இயந்திரத்தைச் சீர்படுத்தி, வளையத்தை அதன் இடத்தில் பொருத்தி, குஞ்சை வைத்து, லேசரை ஓட்டினோம்.

திரையில் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைப் பஞ்சு இருந்தது.

பின்சுவரை விடுங்கள், ஊரில் பளிச்சென்று தெரிந்த முன்சுவர்கூடத் தெரியவில்லை. நிரலை ஓட்டினேன். அது தேடியது, தேடியது, எல்லா மின்முனைகளையும் உச்ச அளவுக்குக் கொண்டுபோய் முட்டி, இதற்குமேல் என்னால் ஆகாது என்று நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே பஞ்சு. லேசரைச் சரிபார்த்தோம், கண்ணாடிகளைச் சரிபார்த்தோம், கம்பிகளைக் கழற்றி மாட்டினோம். குஞ்சை மாற்றினாள், சாயத்தை மாற்றினாள். பஞ்சு பஞ்சாகவே இருந்தது. ஒரு டிராக்டரும் இல்லாத இடத்துக்கு வந்து, ஆடாமல் அசையாமல், துல்லியமாக ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் காலை சென்னை சாரும் மேடமும் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டியும் கூடவே வருகிறது என்றார் மேடம். நான் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைத் தோழிதான் முதலில் கவனித்தாள்.

“சிரிச்சித் தொலையேன்டி. நீ இப்படி உக்காந்துக்கினு இருந்தா எனக்குப் பயமா இருக்குது.”

“முடிஞ்சிதுடி,” என்றேன். “வண்டியோட வராங்க.”

அவள் உள்ளே போய், மாமா விட்டுப்போன சிப்ஸ் பாக்கெட் ஒன்றை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தேன். டப்பென்று வெடித்து, சிப்ஸ் எல்லாம் என் தலையிலும் அவள் தலையிலும் வாசலிலும் சிதறியது. பலாமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. தோழியின் காதில் ஒரு சிப்ஸ் கம்மல் மாதிரி சொருகிக்கொண்டது.

சிரித்தேன். உயிர் போகிற மாதிரி சிரித்தேன். அவளும் சிரித்தாள். “உங்க மாமா சிப்ஸை விடக் காத்தைத்தான் ஜாஸ்தி விக்கிறாரு,” என்று சொல்லிச் சிரித்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு தொண்டையில் நின்றது.

கீழே ஏற்றும்போது அந்தப் பாக்கெட்டுகள் தட்டையாக இருந்தன. நான்தான் மூட்டைகளை அமுக்கி இயந்திரத்துக்கு முட்டுக் கொடுத்தேன், எனக்குத் தெரியும். மலை மேலே காற்று மெல்லிசு. கீழே அடைத்த காற்று உள்ளிருந்து தள்ளி, பாக்கெட்டை உப்ப வைத்திருக்கிறது. என் வளையத்தின் ஓரத்திலும் நான் கைப்பட அடைத்து, பசை வைத்து மூடிய கள்ளக்குறிச்சிக் காற்று இருக்கிறது. அது எண்ணெயைத் தள்ள, எண்ணெய் சவ்வைத் தள்ள, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சவ்வு புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் புடைப்பை அமுக்கவே மின்முனைகளின் முழு பலமும் போய்விடுகிறது. எங்கள் ஊர் வெயிலுக்கென்றே செய்த லென்ஸ் அல்லவா. மலைக்குக் கொண்டுவந்து நானே அதை ஊதிவிட்டேன்.

“ஏண்டி, இன்னாச்சி? ஏன் சிரிப்ப நிறுத்திட்ட?” என்று தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“திருகு,” என்றேன். “திருகைக் கழட்டணும்.”

கேட்க எளிது. திருகுக்குப் பக்கத்திலேயே சவ்வு. பசை இறுகிப்போயிருந்தது. திருப்புளி கொஞ்சம் வழுக்கினாலும் சவ்வு கிழியும், கையில் வேறு லென்ஸ் கிடையாது. டப்பா மூடியில் மாமா வைத்த பொட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். தோழி செல்போன் விளக்கைப் பிடித்தாள். “சிரிச்சன்னா கொன்னுடுவன்,” என்றாள், அவள் காதில் அந்தச் சிப்ஸ் இன்னும் இருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பசையைச் சுரண்டி எடுத்து, காற்றுக்குழி மேலே வருகிற மாதிரி வளையத்தைச் சாய்த்து, திருகைத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அசைந்தது. காதை வைத்தால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு உஸ்ஸென்று ஒரு சத்தம். உடனே திருகை மூடினேன். சவ்வு கிழியவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வளையத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தியது நான். பொருத்துகிற இடம் இயந்திரத்தின் பின்பக்கம், அங்கிருந்து திரை தெரியாது. தோழி திரைக்கு முன்னால் இருந்து நிரலை ஓட்டினாள். அப்புறம், “ஏய்,” என்றாள். “ஏய்… ஏய்… வருதுடி.”

அவள் சொன்ன அந்த விதத்தில் எனக்குள்ளே என்னவோ பொங்கி வந்தது. பதற்றச் சிரிப்பு இல்லை, சுத்தமான சந்தோஷம், ஆனால் வெளியே வந்தது அதே சிரிப்புத்தான்.

“ஆடுது! ஆடுது! வெளிய போ!”

“ஒரே ஒரு தடவை பாத்துட்டு…”

“பாத்தன்னா இன்னும் சிரிப்ப! போடி மொதல்ல!” முதுகில் கையை வைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதே நேரம் கீழ் வளைவில் கார் ஹாரன் கேட்டது.

சென்னை சார் இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை போல. கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எங்கே?” என்றார். கதவைக் காட்டினேன். மேடம் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துக்கொண்டே அவர் பின்னால் உள்ளே போனார். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. பின்னால் வந்த வண்டி பலாமரத்தடியில் நின்றது. டிரைவர் இறங்கி, இயந்திரத்தைக் கட்டக் கயிறுகளை எடுத்துத் தார்ப்பாய் மேல் போட்டார்.

நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமும் நான் பார்க்க ஆசைப்பட்டதை உள்ளே மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவில் காதை வைத்தேன். ஒரு பேச்சும் இல்லை. திருகு சரியாக மூடியதா? எண்ணெய் கசிகிறதா? அவர் இப்படிப் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? கடவுளே, அந்தப் பின்சுவர் மட்டும் தெரிந்துவிடட்டும், நான் ஆயுசுக்கும் சிரிக்காமல் இருக்கிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் மாதிரி. இன்னொன்று. அப்புறம் ஒரு குலுங்கல், அடக்கப் பார்த்து அடங்காமல் பீறிட்டது. மேடமாக இருக்காது, தோழி குரல் எனக்குத் தெரியும்.

“யாரது சிரிக்கிறது? படம் ஆடுது! மொதல்ல வெளிய போங்க!” என்று தோழி கத்தினாள். இருட்டு அறை, பழக்க தோஷம், என்னிடம் கத்திக் கத்திப் பழகிய வாய்.

கதவு திறந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சென்னை சார் வெளியே வந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், மறுபடியும் குலுங்கினார். என்னைப் பார்த்ததும், “என்னை வெளிய அனுப்பிட்டாங்கம்மா,” என்றார்.

“என்னையும்தான் சார்,” என்றேன்.

அவ்வளவுதான். பலாமரத்தடியில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். “சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாம்மா,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. “சந்தோஷம் வந்தா அடக்கவே முடியாது. அதனாலதான் வேலை பாக்குற இடத்துல முகத்தை இறுக்கி வெச்சிக்கிறது. ரொம்ப நாளாச்சு, இப்படி வந்து.” சொல்லிவிட்டு வண்டிக்காரரைப் பார்த்தார். “தம்பி, அந்தக் கயிறையெல்லாம் சுருட்டி வைப்பா. காலி வண்டியாவே திரும்பிடு.”

நான் ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார். “நீங்க பாத்தீங்களா இல்லையா?”

“இன்னும் இல்ல சார்.”

“இன்னும் இல்லையா? போங்கம்மா உள்ள!”

உள்ளே போனேன். மேடம் விலகி இடம் கொடுத்தார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன். இருட்டில் பச்சையாக ஒரு இதயம். முன்சுவர் சுருங்கியது. அதற்குப் பின்னால், தொலைவில், ஆனால் கோடு கோடாகத் தெளிவாக, பின்சுவரும் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது. நடுவே ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக ஓடின. யாரும் கேட்காமலே அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணில் நீர் மட்டும் வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஊன்றிய கை நடுங்கியது, திரையில் இதயமும் கூடவே லேசாக நடுங்கியது.

தோழி என் பக்கம் திரும்பினாள்.

“அழுதாலும் ஆடுதுடி,” என்றாள். ஆனால் வெளியே போகச் சொல்லவில்லை.